மசாலா பாக்கெட், சீப்புச் சீடை, பேக்கிங் மிஷின்: கேட்டதும் சொன்னதும்

காரைக்குடி வட்டாரத்தில் மசாலா, பலகாரக் கம்பெனிகளில் பேக்கிங் மிஷின் ஓட்டுகிறவர்களும், இந்த வேலைக்கு வர நினைப்பவர்களும் கேட்டவை இவை. தூள் மிஷின், பலகார மிஷின் இரண்டும் ஓட்டுகிறவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தேவகோட்டை: அண்ணே, பன்னிரண்டாவதுதான் முடித்திருக்கிறேன். ஐடிஐ இல்லாமல் ஆபரேட்டர் ஆக முடியுமா?

முடியும் தம்பி. முதலில் ஹெல்ப்பராகத்தான் எடுப்பார்கள். மிஷின் மேலே இருக்கும் தொட்டியான ஹாப்பரில் தூள் கொட்டுவது, பாக்கெட்டை எண்ணிப் பெட்டியில் அடுக்குவது என்று போகும். ஆபரேட்டர் பாக்கெட்டுக்கான ஃபிலிம் ரோல் மாட்டும்போது மட்டும் பக்கத்தை விட்டு நகராதீர்கள். ஃபிலிம் எந்த உருளைக்கு மேலே போகிறது, எதற்குக் கீழே வருகிறது என்று மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை கைவந்த மாதிரி. ஐடிஐயில் ஃபிட்டரோ எலெக்ட்ரீஷியனோ முடித்தவர்கள் சீக்கிரம் மேலே வருவார்கள், அதுவும் உண்மை.

கோட்டையூர்: 100 கிராம் மசாலா பாக்கெட் காலையில் சரியாக விழுகிறது. மத்தியானம் 96, 97க்கு இறங்கிவிடுகிறது. மிஷின் கோளாறா அண்ணே?

மிஷினை விடுங்கள் தங்கச்சி, தூளைப் பாருங்கள். தூளைத் தள்ளும் திருகுச் சுருளான ஆகர் எடையைப் பார்த்துப் போடுவதில்லை. இத்தனை சுற்றுக்கு இவ்வளவு கொள்ளளவு என்றுதான் தள்ளும். காலையில் ஓட்டுவது ராத்திரி முழுக்க ஆறி அமுங்கிய தூள். மத்தியானம் வருவது அரவையிலிருந்து நேராக வந்த சூட்டுத் தூளாக இருந்தால் உள்ளே காற்று நிறைய இருக்கும். அதே சுற்றுக்கு எடை குறையத்தான் செய்யும். ஆறவிட்டுக் கொட்டுங்கள். சூட்டோடு அடைத்தால் பாக்கெட்டுக்குள் வியர்த்துத் தூள் கட்டி தட்டும், அது வேறு தொல்லை. ஹாப்பரில் தூள் மட்டமும் ஒரே அளவில் நிற்க வேண்டும். பாதிக்குக் கீழே இறங்கவிட்டு மொத்தமாகக் கொட்டினால் எடை ஏறி இறங்கும்.

100 கிராம் பாக்கெட் ஒன்று 4.5 கிராம் வரை குறையலாம் என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளில் இருக்கிறது. அதை வைத்து 96ஐ ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சோதனைக்கு எடுக்கும் பாக்கெட்டுகளின் சராசரி 100க்குக் குறையக் கூடாது என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. அரை மணிக்கு ஒரு தடவை நாலைந்து பாக்கெட் எடுத்து, வெறும் கவரின் எடையைக் கழித்து எழுதி வையுங்கள். காசு கொடுத்து வாங்குகிற ஆச்சிக்கு 100 கிராம் போய்ச் சேர வேண்டும்.

காரைக்குடி: சீல் பிரிந்துகொண்டே இருக்கிறது. ஹீட்டை ஏற்றிப் பார்த்தும் சரியாகவில்லை.

எல்லோரும் முதலில் ஹீட்டில்தான் கை வைக்கிறார்கள். அதற்கு முன்னால் பிரிந்த பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சீல் கோடுகளுக்கு நடுவே மெல்லிய சிவப்பு இழை தெரிந்தால் தூள் சிக்கியிருக்கிறது. தூள் முழுக்க விழுவதற்குள் ஜா, அதாவது பாக்கெட்டை அழுத்தி ஒட்டும் சூடான தாடை, மூடிவிடுகிறது, இல்லையென்றால் ஆகர் நின்ற பிறகும் தூள் சொட்டுகிறது. வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். இதற்கு ஹீட்டை ஏற்றினால் ஃபிலிம் சுருங்கி, சீலை ஒட்டியே கிழியும்.

சிவப்பு இழை இல்லாமல் ஒரு ஓரம் மட்டும் பிரிகிறதா? ஜாவின் அழுத்தம் ஒரு பக்கம் குறைந்திருக்கும், அல்லது அதில் ஃபிலிம் ஒட்டாமல் இருக்கப் போடும் டெஃப்ளான் துணி தேய்ந்திருக்கும். ஜாவைப் பித்தளை பிரஷ்ஷால் தேய்க்கலாம், இரும்பு பிரஷ் வேண்டாம். சரிசெய்த பிறகு ஒரு பாக்கெட்டை வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி வராவிட்டால் ஓட்டலாம்.

பள்ளத்தூர்: நான் வீட்டில் சீப்புச் சீடையும் தேன்குழலும் போட்டு விற்கிறேன். சீக்கிரமே நமத்துப் போகிறது. பெரிய மிஷின் வாங்கினால் சரியாகுமா தம்பி?

வேண்டாம் ஆச்சி, அவசரப்பட்டுப் பணத்தைப் போடாதீர்கள். பலகாரம் உள்சூடு வரை ஆறின பிறகா அடைக்கிறீர்கள்? மேலே தொட்டால் ஆறின மாதிரிதான் இருக்கும், உள்ளே ஆவி நிற்கும். அப்புறம், மெல்லிய சாதாக் கவரை மாற்றி உள்பக்கம் வெள்ளி போல் மின்னும் லேமினேட் கவர் வாங்குங்கள். ஈரம், காற்று, வெளிச்சம் மூன்றையும் அது நன்றாகத் தடுக்கும். உங்கள் அளவுக்கு, கவரின் வாயைச் சூட்டில் ஒட்டும் சின்ன மிஷினான பேண்ட் சீலர் ஒன்று போதும். நைட்ரஜன் அடைப்பது எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் இருக்கத்தான். ஈரத்தோடு அடைத்த சீடையை அது மொறுமொறுப்பாக்காது.

கானாடுகாத்தான்: ஜாவில் பாக்கெட் சிக்கிக்கொண்டால் மிஷின் ஓடும்போதே இழுத்துவிடலாமா? எங்கள் சீனியர் அப்படித்தான் செய்கிறார்.

கூடவே கூடாது தம்பி, யார் செய்தாலும் சரி. அங்கே சூடான இரும்பும் இருக்கிறது, பவுச்சை வெட்டும் பிளேடும் இருக்கிறது. காற்றழுத்த மிஷினில் எமர்ஜென்சி பட்டனை அமுக்கிய பிறகும் லைனில் காற்று தங்கியிருக்கலாம், ஜா மூடிவிடும். மெயினை நிறுத்தி, காற்று வால்வை அடைத்து, அழுத்தம் இறங்கியதைப் பார்த்த பிறகே கை வையுங்கள். திறந்தால் மிஷினை நிறுத்தும் கார்டு (பாதுகாப்பு) கதவின் சுவிட்சை டேப் ஒட்டி ஏமாற்றியிருந்தால் ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். சூப்பர்வைசர் கோபித்தால் கோபிக்கட்டும், விரல் போனால் வராது.

மறுபடியும் தேவகோட்டை: சம்பளம் பேசும்போது என்ன கேட்க வேண்டும்?

பிஎஃப் (வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) உண்டா என்று கேளுங்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்கள் இஎஸ்ஐக்குள் வருவார்கள். ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் தருகிறார்களா என்பதையும் சேரும் முன்பே பேசிவிடுங்கள்.

கோட்டையூர்: மிளகாய்த்தூள் ஓட்டிய மிஷினில் மறுநாள் மஞ்சள்தூள். எப்படிச் சுத்தம் செய்வது?

காற்றடித்து ஊதாதீர்கள், அறை முழுக்க மிளகாய் பறக்கும். மாஸ்க் போட்டு, வேக்குவத்தால் உறிஞ்சி, ஆகரைக் கழற்றி அதன் சுருளை உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரம் பட்டால் முழுக்கக் காயும் வரை மாட்டக் கூடாது. மறுநாள் முதலில் வரும் பாக்கெட்டுகளை ஒதுக்கி, ஒன்றிரண்டை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். சிவப்புப் புள்ளி தெரிந்தால் ஆகரை மறுபடி கழற்ற வேண்டியதுதான். தேதியும் பேட்ச் நம்பரும் மாறியிருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.