பாஸ்டர் வீட்டு நகையும் கொழுந்தனாரின் குட்டி யானையும்

கேள்வி: என் கணவர் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் பாப்டிஸ்ட் சபைப் போதகர். 35 குடும்பங்கள் உள்ள சபை. காணிக்கை, தசமபாகம் சேர்த்து மாதம் 10,000 வரும், நான் தைப்பதில் 3,500. நான்கு வருடம் முன்பு ஆலயத்துக் கூரை மாற்ற என் 4 பவுனை அடகு வைத்து 1,10,000 வாங்கினார், ஒன்றரை வட்டி. மூன்று வருடம் முன்பு தம்பிக்காக 60,000 கைமாற்று, மூன்று வட்டி. இப்போது ஓசூரில் இருக்கும் அதே தம்பி குட்டி யானை வண்டி எடுக்க ஜாமீன் கையெழுத்து கேட்கிறார். சபையில் ஒருவர் வருடம் 25,000 கட்டும் யூலிப் (காப்பீடும் பங்குச்சந்தை முதலீடும் கலந்த பாலிசி) போடச் சொல்கிறார். மகள் பத்தாவது படிக்கிறாள். எனக்கு 35, அவருக்கு 44. என்ன செய்வது?

பதில்: சகோதரி, சிக்கனமாக இருங்கள், சேமியுங்கள் என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 13,500 ரூபாயில் ஒரு குடும்பத்தை நடத்தி, ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்குச் சாப்பாடும் போடுகிற பாஸ்டரம்மாவுக்குச் சிக்கனம் தெரியாதா? உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் உங்கள் வீட்டுச் செலவுக்காக வாங்கிய கடன் ஒரு ரூபாய்கூட இல்லை. அடுத்தவர் தேவைக்குத் தன் பேரில் கடன் வாங்குவது, அந்த ஒரு பழக்கம்தான் உங்கள் வீட்டை அரிக்கிறது.

கூரைக் கடனுக்கு மாதம் 1,650, தம்பி கடனுக்கு 1,800, ஆக 3,450. வருமானத்தில் கால் பங்கு! இதுவரை கட்டிய வட்டி மட்டும் கூரைக்கு 79,200, தம்பிக்கு 64,800, மொத்தம் 1,44,000. அசல் 1,70,000 அப்படியே நிற்கிறது.

உங்கள் கணவர் நல்ல மனதோடுதான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) போல மேலே ஒரு திருமண்டலம் இருந்து சம்பளம், ஓய்வூதியம் என்று பார்த்துக்கொள்ளும் அமைப்பு பாப்டிஸ்ட் சபைகளில் இல்லை, ஒவ்வொரு சபையும் தனித்தனி. நாளைக்கு அவருக்கு ஒன்று என்றால் காணிக்கை நிற்கும், குடியிருப்பது சபை வீடாக இருந்தால் அதுவும் போகும், அப்புறம் மிஞ்சுவது அடகுச் சீட்டும் நீங்களும் மகளும்தான். இதை அவர் உட்கார்ந்து யோசித்திருப்பாரா என்று தெரியவில்லை.

முதலில் கூரை. அது போதகர் கடன் இல்லை, சபைக் கடன். உங்கள் சபையில் போதகரை அழைப்பதே விசுவாசிகள் கூடி ஓட்டுப் போட்டுத்தானே, அதே சபைக் கூட்டத்தில் இந்தக் கணக்கையும் வைக்கட்டும். அவருக்கு வாய் வராவிட்டால் பொருளாளர் எழுதி வாசிக்கட்டும். குடும்பத்துக்கு மாதம் 200 என்றால் 7,000 ஆகிறது, சுமார் ஒன்றரை வருடத்தில் அசலும் வட்டியும் முடிந்துவிடும். தக்காளி விலை விழுந்த மாதம் சிலரால் தர முடியாது, அந்தக் குறையை அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சரிக்கட்டலாம். இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, அந்தக் கூரைக்குக் கீழேதான் எல்லோரும் உட்காருகிறார்கள்.

அடுத்து நகை. நீங்கள் அடகு வைத்ததற்குப் பிறகு தங்கம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. அதே 4 பவுனைப் பொதுத்துறை வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ மாற்றினால் 1,70,000 முழுவதும் கிடைக்க வாய்ப்பு அதிகம், அதில் பழைய கடன் இரண்டையும் அடைத்துவிடலாம். வட்டி நூற்றுக்கு மாதம் 80, 85 பைசாவுக்குள் இருக்கும். மாதம் சுமார் 1,450. கிட்டத்தட்ட 2,000 ரூபாய் மிச்சம், அதை அப்படியே புதுக் கடனில் தம்பிக்கான 60,000 அசலில் கட்டுங்கள். மூன்று வட்டிக்காரரிடம் பணத்தைக் கொடுக்கும்போதே புரோநோட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள், பிறகு தருகிறேன் என்றால் நம்பி வந்துவிட வேண்டாம். ஆனால் ஒரு கண்டிப்பு: இனி அவர் யாருக்காகவும் கடன் வாங்க மாட்டார் என்று உறுதியானால் மட்டும் நகையை மாற்றுங்கள். இல்லையென்றால் கையில் அதிகப் பணம் வரும், அடுத்த வாரமே யாராவது கேட்டு நிற்பார்கள்.

குட்டி யானைக்குக் கையெழுத்து வேண்டவே வேண்டாம். ஜாமீன் என்பது சாட்சிக் கையெழுத்து இல்லை. கொழுந்தனார் தவணை தவறினால் பைனான்ஸ்காரர் நேராக உங்கள் வாசலுக்கு வருவார், உங்கள் கணவரின் சிபில் என்கிற கடன் மதிப்பெண்ணும் கெடும். மூன்று வருடமாக 60,000 ரூபாய்க்கு வட்டியைக்கூடத் தராதவர் வண்டித் தவணையை எதை வைத்துக் கட்டுவார்? பிறர் கடனுக்குப் பிணைப்படாதே என்று நீதிமொழிகள் 22-ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது, அடுத்த வசனம் படுக்கையும் பறிபோகும் என்று எச்சரிக்கிறது. உங்கள் கணவர் இதை எத்தனையோ பேருக்குப் பிரசங்கித்திருப்பார். தம்பி கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் பேசாமல் இருந்தால் இருக்கட்டும்.

யூலிப் பற்றி எனக்குப் பொறுமையே இல்லை. மூன்று வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். அதைக் கட்டிக்கொண்டிருக்கிற வீட்டில் போய் 25,000 கேட்பது எந்த வகை ஆலோசனை? உங்களுக்குத் தேவை சாதாரணக் காப்பீடுதான். வங்கிக் கணக்கு இருந்தால் போதும், அரசின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு வருடம் 436 ரூபாய், சுரக்ஷா விபத்துக் காப்பீடு 20 ரூபாய், ஒவ்வொன்றிலும் 2 லட்சம். ராத்திரி ஜெபக் கூட்டம் முடிந்து மலைப்பாதையில் பைக்கில் வருகிற மனிதருக்கு இந்த இரண்டையும் இந்த மாதமே போடுங்கள். உங்களுக்கும் சேர்த்து 912 ரூபாய்தான். கடன் முடிந்த பிறகு உங்கள் பேரில் அரசின் அடல் ஓய்வூதியத் திட்டம் தொடங்குங்கள். இன்றைக்குச் சேர்ந்தால் மாதம் 902 கட்டி, 60 வயதிலிருந்து மாதம் 5,000 பெறலாம், தள்ளத் தள்ளத் தொகை கூடும். 40 வயதுக்கு மேல் சேர்க்கமாட்டார்கள், அவருக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது.

இன்னொன்று, வாரநாளில் வேலை பார்ப்பது ஊழியத்துக்கு இழுக்கு என்று அவர் நினைத்தால், பவுல் கூடாரம் செய்தார், மிஷனரி வில்லியம் கேரி வங்காளத்தில் அவுரித் தொழிற்சாலையை நிர்வகித்துக்கொண்டே ஊழியம் செய்தார் என்று நினைவூட்டுங்கள். கேரியும் பாப்டிஸ்ட்தான்.

திங்கட்கிழமை அடகுச் சீட்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு நீங்களே வங்கிக்குப் போங்கள். நகை உங்களுடையது, கடனும் உங்கள் பேரிலேயே இருக்கட்டும்.