அஞ்சல் குறியீடும் அட்டைக்குள் இருப்பவையும்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் தொழிற்சாலைக் கணினிகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். லான்966எக்ஸ் என்னும் வலையமைப்புச் சில்லு பொருத்திய பிசிஐ அட்டையை (கணினிக்குள் செருகும் அட்டை) எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) கணினியில் இயக்கும் பணி என்னிடம் வந்திருக்கிறது. பிசிஐ சாதனம் தன்னைத் தானே அடையாளம் காட்டும் என்றுதான் படித்தோம். அப்படியிருக்க, வன்பொருள் விவரங்களை லினக்ஸுக்குச் சொல்லும் மரவடிவப் பட்டியலான டிவைஸ் ட்ரீயில் பின்னர் ஒட்டும் துண்டு, அதாவது ஓவர்லே, அதற்கு எதற்கு? அதுவும் டிவைஸ் ட்ரீயே இல்லாத கணினியில்?

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் படித்தது சரிதான். ஆனால் அடையாளம் காட்டப்படுவது அட்டை மட்டுமே. நம் ஊரின் ஆறிலக்க அஞ்சல் குறியீடு ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் கீழ்த்தளம் வரை கொண்டுபோய் விடும். எட்டாவது மாடியில் யார் குடியிருக்கிறார் என்று சொல்லாது. அட்டையும் தன் தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் சொல்லி, பிஏஆர் எனப்படும் நினைவக வெளிகளைக் காட்டியதோடு நின்றுவிடுகிறது. அவ்வெளிக்குள் ஈதர்நெட் சுவிட்ச், ஐ2சி (சிறு சில்லுகளை இணைக்கும் தடம்), ஜிபிஐஓ (பொதுப் பயன் மின்கால்கள்), இன்டரப்ட் கன்ட்ரோலர் (குறுக்கீட்டுச் சமிக்ஞைகளைக் கையாளும் பகுதி) ஆகியவை எங்கெங்கு உள்ளன, எது எதைச் சார்ந்துள்ளது என்பதை அதனிடம் கேட்டறிய வழியில்லை.

இதே சில்லு தன் ஆர்ம் கோரில் (உட்செயலியில்) தானே லினக்ஸை ஓட்டும்போது இவை அனைத்துக்கும் டிரைவர்கள் (சாதனத்தை இயக்கும் நிரல்கள்) ஏற்கெனவே இருக்கின்றன. அவை டிவைஸ் ட்ரீயைப் படித்தே இயங்குகின்றன. ஓவர்லேயின் பயன், அந்த டிரைவர்களை அப்படியே பயன்படுத்த முடிவதுதான். ஒருமுறை வேறோர் அட்டைக்கு எல்லாவற்றையும் சி நிரலிலேயே பதிவுசெய்து எழுதினேன். அடுத்த பதிப்பில் ஒரேயொரு ஜிபிஐஓ கால் மாறியதற்காக டிரைவரையே திருத்த வேண்டியதாயிற்று.

நுட்பம் இருப்பது ஓவர்லேயிலுள்ள 'ரேஞ்சஸ்' என்னும் பண்பில். பிஏஆர் எந்த முகவரியில் அமரும் என்பது கணினிக்குக் கணினி மாறுமாதலால் அதை ஓவர்லேயில் எழுத முடியாது. ஆகவே சில்லின் கையேட்டில் உள்ள உள்முகவரிகளை அப்படியே வைத்து, இந்தப் பகுதி பூஜ்ஜியமாவது பிஏஆரில் இந்தத் தொலைவில் தொடங்குகிறது என்று மட்டும் எழுதுகிறோம். உண்மையான முகவரியை லினக்ஸின் மையமான கெர்னல், டிவைஸ் ட்ரீயில் அட்டைக்கு உரிய கிளைப்புள்ளியான கணுவில் நிரப்பித் தருகிறது. ஒரே கணினியில் இரண்டு அட்டைகளைச் செருகினாலும், ஒரே ஓவர்லே இரண்டு கணுக்களின் கீழும் தனித்தனியே பொருந்துவது இதனால்தான்.

எக்ஸ்86 பற்றிய உங்கள் ஐயத்திற்கு விடை சுருக்கமானது. கெர்னலே ஒரு வெற்று வேர்க்கணுவை உருவாக்கி, அதன்கீழ் பிசிஐ பாலங்களுக்கும் அட்டைக்கும் கணுக்களை அமைத்துக்கொள்கிறது; எக்ஸ்86 கணினிகளில் வழக்கமாக வன்பொருளை விவரிக்கும் ஏசிபிஐ தன் வேலையைத் தனியே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரே ஒரு செயல்பாடு கொண்ட எளிய அட்டைக்கு இவ்வளவு ஏற்பாடும் வீண் என்பது என் கருத்து; உங்கள் அட்டை அத்தகையது அன்று. டிரைவரை நீக்கும்போது முதலில் உட்சாதனங்களை அகற்றிவிட்டுப் பிறகே ஓவர்லேயை எடுங்கள். அட்டைக்குக் கணு அமைக்கும் வசதி 2023இல் வெளியான 6.6 கெர்னலில் வந்தது. ஆனால் எக்ஸ்86க்குத் தேவையான ஹோஸ்ட் பிரிட்ஜ் (பிசிஐயைச் செயலியுடன் இணைக்கும் பாலம்) கணு அதற்குப் பின்னரே சேர்ந்தது. ஆதலால் ஓவர்லேயில் பிழை தேடத் தொடங்குமுன், அது ஒட்டிக்கொள்ள அட்டையின் கணு உங்கள் கெர்னலில் உருவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.