வாசகர் கேள்வி – பதில்: கேரவனில் குடியிருந்து நாவல் எழுதுவது

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, நானும் என் கணவரும் ஐந்து ஆண்டுகளாக பிரிட்டனில் ஒரு கேரவனிலேயே குடியிருக்கிறோம் என்றும், என்னுடைய கடைசி இரண்டு நாவல்களும் அதன் சாப்பாட்டு மேசையில்தான் எழுதப்பட்டன என்றும் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அதைப் பற்றியே இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் எங்கள் நினைவுக்கு வருகிறது. உங்களுடையதும் அப்படிப்பட்டதா? – சென்னை வாசகர்

இல்லை. எங்களுடைய வண்டிக்கு எஞ்சின் கிடையாது; காரின் பின்னால் கோத்து இழுத்துச் செல்ல வேண்டும். உள்ளே ஏறக்குறைய 6 மீட்டர் நீளம், 2 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலம். அதற்குள் ஒரு கட்டில், அடுப்பு, குளியலறை, முன்பக்கம் எதிரெதிராக இரண்டு இருக்கைகள், நடுவில் ஒரு மடக்கு மேசை. வண்டி ஓடும்போது அதற்குள் யாரும் உட்கார்ந்து வர இந்த நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதால், ஓடும் வண்டியில் சன்னலோரம் அமர்ந்து எழுதிக்கொண்டே போகும் காட்சியை நீங்கள் கற்பனை செய்திருந்தால் அதை விட்டுவிட வேண்டியதுதான்.

தினம் ஒரு ஊர், தினம் ஒரு மலை. கற்பனை தானாக ஊற்றெடுக்குமே! வீட்டிலேயே அடைந்து கிடந்து எழுதும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த வாழ்க்கையைப் பரிந்துரைப்பீர்களா? – மதுரை வாசகர்

நானும் உங்களைப் போலவே நினைத்துத்தான் கிளம்பினேன். முதல் ஆண்டு மூன்று நாளைக்கொருமுறை, நான்கு நாளைக்கொருமுறை என்று இடம் மாற்றிக்கொண்டே இருந்தோம். கார்ன்வாலின் கடற்கரையையும் வேல்ஸின் மலைகளையும் கண் நிறையப் பார்த்தேன். நாட்குறிப்பு இரண்டு நோட்டுப் புத்தகங்கள் நிரம்பின. நாவலில் ஓர் அத்தியாயம்கூட முடியவில்லை.

காரணத்தை வெகு தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். கிளம்பும் நாளில், கழிவு நீரைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவதில் தொடங்கி, காஸை அடைப்பது, மின்கம்பியைச் சுருட்டுவது, ஒவ்வொரு அலமாரிக் கதவின் கொக்கியையும் சரிபார்ப்பது, நான்கு மூலைக் கால்களையும் மேலே தூக்குவது, கார்க் கண்ணாடிகளுக்கு நீட்டிப்பு மாட்டுவது, விளக்குகள் எரிகின்றனவா என்று ஒருவர் பின்னால் நின்று பார்ப்பது என்று காலை முழுவதும் போய்விடும். சேர்ந்த இடத்தில் இதையெல்லாம் தலைகீழ் வரிசையில் மறுபடி செய்ய வேண்டும். தரை மட்டமாக இல்லாவிட்டால் இரவு முழுவதும் கட்டிலில் சரிந்துகொண்டே இருப்போம் என்பதால் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து ஒரு சக்கரத்தின் கீழ் மேடை கொடுக்க வேண்டும். அந்த ஒரு நாள் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். ஆனால் மறுநாள் காலையும் சேர்ந்தே போகிறது. கண்ணுக்கு எல்லாமே புதிதாக இருக்கும்போது மனம் வெளியே திரும்பிவிடுகிறது. நாவலோ, நேற்று விட்ட அதே முற்றத்துக்குள் இன்று காலையும் நேராக நுழைந்துவிடும்படி நம்மைக் கேட்கிறது.

இப்போது ஓரிடத்தில் குறைந்தது பதினான்கு நாட்கள் தங்குகிறோம், ஞாயிற்றுக்கிழமையில் மட்டுமே நகர்கிறோம். காலை ஆறு மணியிலிருந்து பதினொரு மணி வரை எழுத்து. அந்த நேரத்தில் மேசையருகே உள்ள சன்னலின் திரையை இழுத்து மூடிவிடுகிறேன். வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் ஓர் ஆட்டுப் பண்ணையின் மேட்டில் வண்டியை நிறுத்திக்கொண்டு, காவிரிக் கடைமடையில் தண்ணீர் வராமல் போன ஒரு குறுவைப் பருவத்தைப் பற்றி நான்கு வாரம் எழுதினேன். வெளியே ஆடுகள் மேய்கின்றன என்பது பதினொரு மணிக்கு மேல்தான் எனக்குத் தெரிய வேண்டும். எனவே, கற்பனைக்காக இந்த வாழ்க்கைக்கு வராதீர்கள் என்பதே என் பதில். குறைந்த செலவில் உங்கள் காலைப் பொழுதுகளை உங்களுக்கே மீட்டுக்கொள்ள வேண்டும் என்றிருந்தால் வாருங்கள்.

உங்களுக்கு முன்னால் நாவலாசிரியர்கள் யாராவது இப்படி வாழ்ந்திருக்கிறார்களா? – திருச்சி வாசகர்

பிரிட்டனில் கேரவன் உல்லாசப் பயணத்தின் கதையே ஒரு நாவலாசிரியரிடமிருந்துதான் தொடங்குகிறது. அவர் கார்டன் ஸ்டேபிள்ஸ். ஸ்காட்லாந்துக்காரர், கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றபின் சிறுவர்களுக்கான சாகச நாவல்களை எழுதிக் குவித்தவர். ஜிப்சிகளின் கூண்டு வண்டிகளைப் பார்த்து ஆசைப்பட்டு, பிரிஸ்டலில் உள்ள ரயில் பெட்டி கட்டும் தொழிற்சாலை ஒன்றில் தமக்கென்று ஒரு வண்டியைச் செய்யச் சொன்னார். அதற்கு ‘வாண்டரர்’ என்று பெயரிட்டு, 1885இல் இங்கிலாந்தின் தெற்கே டுவைஃபோர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். இரண்டு குதிரைகள் இழுத்தன. வண்டியோட்டி ஒருவரும், சமையலும் மற்ற வேலைகளும் பார்க்கும் உதவியாளர் ஒருவரும் உடன் சென்றார்கள். அந்த உதவியாளர் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னால் போய் வழி பார்த்து வருவாராம். ஒரு பெரிய நாயும் ஒரு கிளியும்கூட உடன் பயணம் செய்தன. மறு ஆண்டே அந்தப் பயணம் புத்தகமாக வந்தது. வண்டியை ஓட்டவும் சமைக்கவும் ஆள் இருந்ததால் அவருக்குக் காலைப் பொழுது மிஞ்சியது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த விஷயத்தில் அவர் மேல் எனக்கு உண்மையாகவே பொறாமை உண்டு.

அடுத்து எல்லோரும் சொல்லும் பெயர் அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக். 1960இல், ஒரு சிறிய டிரக்கின் மேல் அறை கட்டி, டான் குயிக்ஸாட் என்ற நாவல் நாயகனின் குதிரையின் பெயரான ‘ரோசினான்டே’யை அதற்குச் சூட்டி, சார்லி என்ற நாயுடன் அமெரிக்காவைச் சுற்றிவந்தார். அந்த வண்டி இன்றும் கலிஃபோர்னியாவின் சலினாஸில், அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அது சில மாதப் பயணம். அதிலிருந்து பிறந்ததும் பயண நூல்தான், நாவல் அன்று. நகரும்போது பயண நூல் வருகிறது, நிற்கும்போதுதான் நாவல் வருகிறது என்ற என் அனுபவத்தோடு இது பொருந்திப் போகிறது.

உங்களை நாடோடி என்று அழைக்கலாமா? – திருநெல்வேலி வாசகர்

வேண்டாம். தலைமுறை தலைமுறையாக வண்டியிலேயே வாழ்ந்துவரும் ரோமானி ஜிப்சிகளும் ஐரிஷ் டிராவலர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். 2022இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கொண்டுவரப்பட்ட ஒரு சட்டப்படி, அனுமதியின்றி ஒரு நிலத்தில் வண்டியோடு தங்கி, இடையூறு செய்வதாகக் கருதப்பட்டு, போகச் சொன்ன பிறகும் போகாதிருந்தால் சிறைத் தண்டனை விதிக்கலாம். வீடாக இருக்கும் அந்த வண்டியையே பறிமுதல் செய்யலாம். அவர்கள் தங்குவதற்குப் போதுமான இடங்களோ இல்லை. நான் பணம் கட்டி முன்பதிவு செய்த இடத்துக்குப் போகிறேன். பண்ணைக்காரர் தேநீர் கொடுத்து வரவேற்கிறார். ஒரே மாதிரி வண்டிதான், ஆனால் அதைப் பார்க்கும் கண்கள் வேறு. அந்தப் பெயரை நான் எடுத்துக்கொள்வது நியாயமாகாது.

நிரந்தர முகவரி இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? செலவு குறைவுதானா? – டொரண்டோ வாசகர்

தபாலுக்கும் வங்கிக்கும் என் நாத்தனார் வீட்டு முகவரி உதவுகிறது. மருத்துவரிடம் பதிவு செய்ய இங்கே முகவரிச் சான்று கட்டாயமில்லை. நிலையான முகவரி இல்லாதவர்கள் வாக்காளராகப் பதியவும் வழியிருக்கிறது. தங்கும் இடம்தான் சிக்கல். ஐந்து கேரவன்கள் மட்டும் நிற்கக்கூடிய சிறு பண்ணைத் தளங்கள் கேரவன் தளங்களுக்கான 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள ஒரு விலக்கின் கீழ், விடுமுறைக்கு வருகிறவர்களுக்காக நடப்பவை. ஒரே இடத்தில் 28 நாட்களுக்கு மேல் நிற்க விடமாட்டார்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் இதுவே எங்கள் குடியிருப்பு என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் சாதாரணக் கேரவன் காப்பீடு பெரும்பாலும் நிரந்தரக் குடியிருப்புக்குச் செல்லாது. ஐரோப்பாவுக்குப் போகலாம் என்றால், பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு 2021 முதல் 180 நாட்களில் 90 நாட்கள்தான். எங்களுக்கு மின்சாரத்தோடு ஓர் இரவுக்கு ஏறக்குறைய 20 பவுண்டு, ஆக மாதம் 600 பவுண்டு ஆகிறது. முன்பு கட்டிய வாடகையில் பாதிக்கும் குறைவு.

குளிர்காலத்தில் எப்படி எழுதுகிறீர்கள்? – யாழ்ப்பாணத்து வாசகர்

முதல் குளிர்காலத்தில் கற்றுக்கொண்டவை நிறைய. பியூட்டேன் காஸ் பூஜ்யம் டிகிரியை நெருங்கும்போதே ஆவியாக மறுத்துவிடும். சிலிண்டர் நிறைந்திருக்கும், அடுப்பு எரியாது. மைனஸ் 42 டிகிரி வரை தாங்கும் புரொப்பேனுக்கு மாறினோம். பண்ணைத் தளங்கள் சிலவற்றில் 6 ஆம்பியர் மின்சாரம்தான், அதாவது 1,400 வாட்டுக்கும் குறைவு; ஹீட்டர் ஓடும்போது மின்கெண்டியைப் போட்டால் எல்லாம் அணைந்துவிடும். எனவே காபிக்குத் தண்ணீர் வைக்கும்போது ஹீட்டரை நிறுத்துவது அனிச்சையாகவே வந்துவிட்டது.

குளிரைவிட ஈரம்தான் எனக்குப் பகையாக இருந்தது. இருவர் விடும் மூச்சு, சோற்றுப் பானையின் ஆவி, இவற்றோடு காஸ் எரிவதும் நீரை உண்டாக்குகிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி வரும். அந்த நவம்பரில், அச்செடுத்துத் திருத்தம் போட்டிருந்த கையெழுத்துப் படி ஒன்றை முன் இருக்கையின் அடியிலுள்ள பெட்டியில், வெளிச் சுவரை ஒட்டி வைத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து எடுத்தபோது முந்நூறு பக்கங்களும் ஊறிய அப்பளம்போல் தொய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன, ஓரங்களில் கறுப்புப் பூஞ்சை, என் சிவப்பு மைத் திருத்தங்கள் அடுத்தடுத்த பக்கங்களுக்கு இறங்கியிருந்தன. ஒவ்வொரு தாளாகப் பிரித்து, குளியலறையில் கொடி கட்டி, துணிக் கவ்விகளில் மாட்டி, இரண்டு நாட்கள் உலர்த்தினோம். நாற்பது பக்கங்களின் திருத்தங்களை மீட்கவே முடியவில்லை. இப்போது எத்தனை குளிராக இருந்தாலும் சமைக்கும்போது கூரைச் சன்னலைத் திறந்து வைக்கிறேன். காகிதம் எதையும் வெளிச் சுவரோடு ஒட்டி வைப்பதில்லை.

புத்தகங்களை என்ன செய்தீர்கள்? – கோவை வாசகி

இந்தக் கேள்வி வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வண்டியில் நாங்கள் ஏற்றிக்கொள்ளச் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட எடை 160 கிலோ. காஸ், பேட்டரி, பாத்திரம், இருவரின் துணி எல்லாம் அதற்குள் அடக்கம். பெட்டி நிறுக்கும் கைத்தராசில் தொங்கவிட்டு நிறுத்துப் பார்த்து, புத்தகங்களுக்கு 18 கிலோ என்று ஒதுக்கினோம். கனமானவற்றைச் சக்கர அச்சுக்கு மேலே, தரையோடு தரையாக வைக்க வேண்டும். பின்பக்கம் பாரம் ஏறினால் வண்டி சாலையில் பாம்புபோல் ஆடத் தொடங்கும். ஆகவே தமிழ் அகராதியும் கம்பராமாயணமும் சக்கரங்களுக்கு இடையில், கட்டிலின் அடியில் இருக்கின்றன. மற்ற ஆயிரத்துச் சொச்சம் புத்தகங்கள் நாத்தனார் வீட்டு மாடியில், அட்டைப் பெட்டிகளில். ஆண்டுக்கு ஒருமுறை போய் நான்கு புத்தகங்களை எடுத்துக்கொண்டு, நான்கைத் திரும்ப வைத்துவிட்டு வருகிறேன்.