வெள்ளவத்தை அடுக்குமாடி வீட்டில் மாதிரி ரயில் பாதைக்கு எந்த இடத்தை ஒதுக்கலாம்?

மூன்று அறைகள் கொண்ட வாடகை வீடு, அதில் பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று மகனின் படிப்பறை, கடலைப் பார்த்த பல்கனி ஒன்றும் உண்டு. இதற்குள் எட்டடிக்கு நாலடி மேசை ஒன்றைப் போட்டு மாதிரி ரயில் ஓட்ட எங்கே இடம் காணலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மேசை என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, படிப்பறையின் சுவர்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். தெகிவளையில் நாங்கள் இருக்கும் வீட்டிலும் எழுதும் மேசைக்கு மேலாகச் சுவரோரத் தட்டுகளில்தான் என் ரயில் ஓடுகிறது.

பிளைவூட் பலகை எட்டடிக்கு நாலடியாக விற்கப்படுவதாலும், எச்ஓ (HO) எனப்படும், உண்மையானதை 87இல் ஒரு பங்காகச் சிறிதாக்கும் 1:87 அளவுத்திட்டத்தில் 18 அங்குல ஆரையுள்ள வளையம் நாலடி அகலத்துக்குள் அடங்கிவிடுவதாலும், அந்த அளவு இத்துறைக்கு வருகிற எல்லோருடைய மனத்திலும் முதலில் பதிந்துவிடுகிறது. ஆனால் பலகைக்கு வேண்டிய இடத்தை அளக்கிறவர்கள் மனிதருக்கு வேண்டிய இடத்தை அளப்பதில்லை. ஒருவருடைய கை வசதியாக எட்டும் தூரம் ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர். நன்றாக எட்டி வளைந்தால் 75 வரை போகும். நாலடி மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பின்புறத்தில் தடம் புரண்ட பெட்டியை எடுக்க முடியாது என்பதால், இரு பக்கமும் ஒரு முனையிலுமாவது இரண்டடி நடைபாதை விடவேண்டும். அப்படி விட்டால் எட்டடிக்குப் பத்தடி போய்விடும். உங்கள் படிப்பறையில் அதன்பின் மகனுக்குக் கதிரை போடவும் இடமிராது. அத்தனையும் கொடுத்து உங்களுக்குக் கிடைப்பது 32 சதுர அடி மட்டுமே.

அதே அறையின் நாலு சுவர்களையும் சுற்றி ஒன்றரை அடி அகலத்தில் தட்டு அடித்தால் 51 சதுர அடி கிடைக்கும். நடுவில் ஏழடிக்கு ஏழடி வெறுமையாக இருக்கும். எல்லா இடமும் கைக்கு எட்டும். இதைவிடப் பெரிய நன்மை வளைவுகளில் இருக்கிறது. மேசையில் ரயில் இரு முனைகளிலும் அரைவட்டமாகத் திரும்பவேண்டியிருப்பதால் ஆரை மேசையின் அகலத்தில் பாதிக்கு மேற்போக வழியில்லை. சுவரைச் சுற்றி ஓடும்போது ஒவ்வொரு மூலையிலும் கால்வட்டம் போதும் என்பதால், மூலையை மட்டும் சற்று அகலமாக்கி 75 சென்ரிமீற்றர் ஆரையைக்கூடத் தாராளமாக வைக்கலாம். நீண்ட பயணிகள் பெட்டிகள் அத்தகைய வளைவில் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து திரும்பும் அழகை 18 அங்குல வளைவில் ஒருபோதும் காண முடியாது. கதவு இருக்கும் இடத்தில் தூக்கி எடுக்கக்கூடிய பாலம் ஒன்று வேண்டும். அது தொல்லையாகத் தோன்றினால் மூன்று சுவர்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தட்டின் அகலத்தை முடிவுசெய்ய ஒரு சோதனை செய்து பாருங்கள். சுவரோரமாக ஒரு மேசையைப் போட்டு, நீங்கள் நினைத்திருக்கும் உயரம் வரும்வரை அதன்மேல் பெட்டிகளை அடுக்கி, அவற்றின்மேல் ஒரு பலகையை வைத்து, சுவரை ஒட்டி ஒரு துண்டுத் தண்டவாளத்தையும் அதில் ஒரு பயணிகள் பெட்டியையும் வையுங்கள். முன்னால் இன்னும் இரண்டு பெட்டிகளை நிறுத்திவிட்டு, அவற்றின் மேலாகக் கையை நீட்டி, பின்னால் உள்ள பெட்டியின் எட்டுச் சக்கரங்களையும் தண்டவாளத்திலிருந்து இறக்கி மீண்டும் உட்காரவையுங்கள். முழங்கை முன்னால் நிற்கும் பெட்டியில் தட்டினால் அந்த அகலம் கூடுதல் என்று கொள்ளுங்கள். தட்டு உயர உயரக் கை எட்டும் தூரம் குறையும். பார்வைக்கோ உயரம் நல்லது. நின்று பார்க்கும் பெரியவருக்கு 120 சென்ரிமீற்றர் நன்றாக இருக்கும். உங்கள் மகனும் ஓட்டப்போகிறார் என்பதால் நூறு போதும் என்பேன்.

இனிப் பல்கனியைப் பற்றி. கண்ணாடி போட்டு அடைத்தாலும் அங்கே வேண்டாம். வெள்ளவத்தையில் கடற்பக்க ஜன்னல் கம்பிகள் எவ்வளவு விரைவாகத் துருவேறுகின்றன என்பதை நீங்களே அறிவீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த உப்பை நேராக வீட்டுக்குள் கொண்டுவருகிறது. எஞ்சின் தன் மின்சாரத்தைத் தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து சக்கரங்கள் வழியாகவே எடுப்பதால், அங்கே படியும் மிக மெல்லிய அழுக்கும் அதை நிறுத்திவிடும். உருக்குத் தண்டவாளம் துருப்பிடிக்கும், பித்தளை கறுக்கும். ஆகவே செம்பு, நிக்கல், நாகம் கலந்த உலோகமான நிக்கல் சில்வரைத் தவிர வேறெதையும் இந்த ஊரில் வாங்காதீர்கள். மினுக்கிய இரும்பு ஆணிகள் சிலவற்றை வீட்டின் வெவ்வேறு அறைகளில், இப்பருவக்காற்றுக் காலத்தில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரோரமாக வைத்துவிட்டு, எது கடைசியாகச் செம்மை படருகிறது என்று கவனித்தால் அறைகளின் தராதரம் தெரிந்துவிடும். குசினியின் தாளிப்புப் புகையும் சாமியறையின் சாம்பிராணிப் புகையும் தண்டவாளத்தில் கரிய பிசுக்காகப் படியும் என்பதால் அவற்றுக்கு அடுத்த சுவரையும் தவிர்க்கவேண்டும்.

மேல்நாட்டு நூல்கள் நிலவறையையும் கூரைக்கீழ் அறையையும் பரிந்துரைக்கும். நிலவறை நமக்கில்லை, கொழும்பில் கூரைக்கு நேர்கீழே வரும் வெப்பம் பிளாஸ்டிக் கட்டடங்களை நெளியவைக்கும். மூன்று மீற்றர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 15 பாகை சூடேறினால் முக்கால் மில்லிமீற்றர் நீளும். இணைப்புகளில் சிறு இடைவெளி விட்டால் அது சமாளிக்கக்கூடியதுதான். ஈரத்தில் உப்பிச் சுருங்கும் பலகையே அதைவிடக் கொடியது. எனவே ஒவ்வொரு நாளும் ஆள் நடமாடும், மின்விசிறி சுற்றும், ஜன்னல் திறக்கப்படும் அறையே சிறந்தது. அடைத்துவைத்த அறையில் பூஞ்சணம் பிடிக்கும். பலகையின் அடிப்பக்கத்துக்கும் வெட்டு முனைகளுக்கும் வார்னிஷ் பூசிவிடுங்கள்.

எந்த அளவுத்திட்டம் என்பதை அறையை முடிவுசெய்த பிறகே பாருங்கள். 20 மீற்றர் நீளமான பெட்டி எச்ஓவில் 23 சென்ரிமீற்றர், ‘என்’ (N) எனப்படும் 1:160 அளவுத்திட்டத்தில் பன்னிரண்டரை. ஆறு பெட்டிகளும் எஞ்சினும் நிற்கும் மேடைக்கு முதலாவதில் ஒன்றரை மீற்றருக்கு மேல் வேண்டும். இரண்டாவதில் ஒரு மீற்றருக்குள் முடிந்துவிடும். பத்தடிச் சுவரில் இந்த வேறுபாடு மிகப் பெரியது. ஆனால் ‘என்’ (N) அளவு எஞ்சின்கள் எடை குறைந்தவை; அழுக்கை அவ்வளவாகப் பொறுக்காது. கடலோரத்தில் இருக்கும் உங்களுக்கு இது கவனிக்கவேண்டிய விடயம்.

இன்னொரு வழியும் உண்டு. என் மனம் அதில்தான் நெடுநாளாக ஊன்றியிருக்கிறது. மருதானையிலிருந்து அவிசாவளைப் பக்கம் சென்ற களனிவெளிப் பாதை, 1990களில் அகலப்பாதையாக மாற்றப்படும் வரை 762 மில்லிமீற்றர் அகலக் குறும்பாதையாக இருந்தது. 762ஐ 87ஆல் வகுத்தால் ஒன்பது மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும். ‘என்’ (N) அளவுத் தண்டவாளத்தின் அகலமும் ஒன்பதுதான். அதனால் எச்ஓ அளவில் பெரிய கட்டடங்களையும் மரங்களையும் மனிதர்களையும் வைத்து, இறுக்கமான வளைவுகளில் குட்டி எஞ்சின்களை ஓட்டலாம். ஒரு சுவர் மட்டுமே கிடைக்கும் என்றால் இதைத்தான் தெரிவுசெய்யச் சொல்வேன்.

வாடகை வீடு என்பதால், சுவரில் துளையிடுமுன் வீட்டுச் சொந்தக்காரரிடம் கேளுங்கள். அவர் சம்மதிக்காவிட்டால் உயரமான புத்தக அலுமாரிகளையே தாங்கிகளாக்கலாம். தட்டை நாலடித் துண்டுகளாகச் செய்து போல்ட்டால் இணைத்து, துண்டுக்குத் துண்டு மின்கம்பிகளைக் கழற்றக்கூடிய இணைப்பிகளில் முடித்துவிடுங்கள். பலகை அறுப்பதற்கு முன் உங்கள் மாடியின் லிஃப்டையும், வாசலில் நடை திரும்பும் மூலையையும் அளந்துகொள்ளுங்கள். வீடு மாறும் நாளில் ஒவ்வொரு துண்டும் அதன்மேல் நிற்கும் மரங்களோடும் நிலையத்தோடும் அவ்வழியாகத்தான் இறங்கவேண்டும்.