லவ் பேர்ட்ஸ் வளர்க்கும் வீட்டில் நான்ஸ்டிக் தவா, கொசுவர்த்தி, சாம்பிராணி பயன்படுத்தலாமா?

ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கி, சமையலறையை ஒட்டிய ஹாலில் கூண்டை மாட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான்ஸ்டிக் பாத்திரம் சூடேறினால் பறவை இறந்துவிடும் என்று யாரோ சொன்னது நிஜமா, கொசுவர்த்தியும் சாம்பிராணியும் ஏற்றலாமா என்பது உங்கள் கேள்வி.

நிஜம்தான். என் வீட்டில் இரண்டு பறவைகள் அப்படித்தான் போயின.

அப்போது எங்களிடம் மூன்று இருந்தன. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி விற்கிற பட்ஜெரிகர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தோசைக்காக நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் வைத்தேன். தீ முழுசாக எரிந்துகொண்டிருந்தது. அதற்குள் கீழே தண்ணீர் லாரி வந்துவிட்டது. இரண்டு மாடி இறங்கிப் போய்ப் பேசிவிட்டு வரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். வந்து பார்த்தபோது சமையலறையில் புகை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. காய்ந்த இரும்பு வாடை மாதிரி லேசாக ஏதோ இருந்தது, அவ்வளவுதான். தீயைக் குறைத்து, தவாவில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, மாவை ஊற்றினேன்.

குக்கர் விசில் அடித்தால் எங்கள் பறவைகள் கூடவே கத்தும். தினமும் நடப்பது அது. அன்றைக்கு இரண்டு விசில் வந்தும் ஹாலில் சத்தமே இல்லை. கரண்டியோடு எட்டிப் பார்த்தேன். நீலா, நீல நிறத்தில் இருந்ததால் அந்தப் பெயர், கூண்டின் அடியில் விரித்திருந்த செய்தித்தாளில் உட்கார்ந்திருந்தது. கம்பை விட்டுக் கீழே இறங்காத பறவை அது. அலகு திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி ஏறி இறங்கியது. கையில் எடுத்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது, பிறகு நின்றுவிட்டது. இன்னொன்றை அட்டைப்பெட்டியில் வைத்து ஆட்டோவில் கொண்டு போனோம். பாதி வழியில் அதுவும் போய்விட்டது. மூன்றாவதைச் சின்ன மகள் பின்பக்க பால்கனிக்கு எடுத்துப் போய், கதவைச் சாத்திக்கொண்டு தினை கொடுத்துக்கொண்டிருந்தாள். அது மட்டும் பிழைத்தது. வீட்டில் இருந்த எங்கள் ஐந்து பேருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "காலையில அடுப்புல என்னம்மா வச்சீங்க?" என்பதுதான்.

"தோசைக்கு தவா வச்சேன் சார்."

"இரும்பா, நான்ஸ்டிக்கா?"

அவர் அன்று சொன்னதையும், அதன்பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான்ஸ்டிக் பூச்சு பெரும்பாலும் பி.டி.எஃப்.இ. என்ற பொருள். சாதாரணமாகத் தோசை வார்க்கிற சூட்டில் அது சும்மா இருக்கும். சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். சூடு ஏற ஏற நச்சு வாயுக்களும் கண்ணுக்கே தெரியாத நுண்துகள்களும் வெளிவரும். மாவோ எண்ணெயோ இல்லாத வெறும் தவா முழுத் தீயில் அந்தச் சூட்டைத் தொடச் சில நிமிடம் போதும். மனிதர்கள் அதிகமாகச் சுவாசித்தால் காய்ச்சல், உடம்பு வலி வந்து ஓரிரு நாளில் சரியாகிவிடும். பறவைக்கு நுரையீரலுக்குள்ளேயே ரத்தமும் நீரும் கசிந்து மூச்சு அடைத்துவிடும். முறிவு மருந்து கிடையாது.

நமக்கு ஒன்றும் ஆகாதபோது அதற்கு மட்டும் ஏன் இப்படி என்றால், பறவை மூச்சு விடும் விதமே வேறு. நம் நுரையீரலில் காற்று போன வழியே திரும்பும். உள்ளே எப்போதும் கொஞ்சம் பழைய காற்று தங்கியிருக்கும். பறவையின் நுரையீரல் நம்முடையது போல உப்பிச் சுருங்காது. அதோடு இணைந்த காற்றுப் பைகள், பெரும்பாலான பறவைகளுக்கு ஒன்பது, கொல்லன் துருத்தி போலக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். காற்று ஒரே திசையில் ஓடுவதால், மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரலுக்குப் புதுக் காற்று கிடைக்கிறது. அவ்வளவு பிராணவாயு இருந்தால்தான் பறக்க முடியும். ஆனால் காற்றில் நஞ்சு கலந்திருந்தால் அதையும் அதே வேகத்தில் வாங்கிக்கொள்ளும். முப்பது நாற்பது கிராம் எடையுள்ள உடம்பு எவ்வளவுதான் தாங்கும்?

பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் கேனரிப் பறவைகளைக் கொண்டுபோனது இதை வைத்துத்தான். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானியின் யோசனை அது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, மனிதனுக்குத் தெரியாது, பறவை முதலில் தள்ளாடும். 1911 முதல் அங்கே பயன்படுத்தினார்கள், 1986-ல்தான் கருவிகள் அந்த இடத்தைப் பிடித்தன. அதனால் "எனக்கு வாடையே வரலையே" என்பதை மட்டும் அளவாக வைத்துக்கொள்ளாதீர்கள். நான் அப்படி நினைத்துத்தான் தோசை ஊற்றப் போனேன்.

தவாவை மட்டும் மாற்றினால் போதாது. இதே பூச்சு ஏர் ஃப்ரையர் கூடையில் இருக்கிறது. சாண்ட்விச் மேக்கர், ரொட்டி மேக்கர், சில அயர்ன் பாக்ஸ்களின் அடித்தட்டு, சில ரூம் ஹீட்டர்களிலும் உண்டு. பெட்டியில் 'பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது' என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது பூச்சைத் தயாரிக்கும்போது பயன்பட்ட வேறொரு ரசாயனம். அது இல்லாவிட்டாலும் பூச்சு அதே பி.டி.எஃப்.இ.யாக இருக்கலாம். நான் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு இரும்புக் கல்லுக்கும் எவர்சில்வருக்கும் மாறிவிட்டேன். புதுக் கல்லைப் பழக்கும்போது எண்ணெய் நன்றாகப் புகையும். அந்த வேலையைப் பறவை இல்லாத இடத்தில், மொட்டை மாடியிலோ பின்கட்டிலோ செய்யுங்கள்.

"கிளி மிளகாயையே கொத்தித் தின்னுது, தாளிக்கிற நெடி அதை என்ன பண்ணும்?" என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. காரத்தை உணரும் அமைப்பு பறவைகளில் வேறு மாதிரி இருப்பதால் மிளகாய் அவற்றுக்கு உறைக்காது. ஆனால் கருகும் மிளகாயும் காய்ந்த எண்ணெயும் விடுகிற புகை, புகைதான். உறைக்கவில்லை என்பதால் நுரையீரலுக்குக் கெடுதல் இல்லை என்று ஆகாது.

கொசுவர்த்திச் சுருளை நிறுத்திவிடுங்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு சுருள் எரிந்து முடிக்கும்போது வெளிவரும் நுண்துகள், எடை அளவில் 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மூடிய அறையில் இரவு முழுக்க அதைச் சுவாசிப்பது உங்கள் குழந்தைகளுக்கும் நல்லதில்லை. பிளக்கில் மாட்டுகிற லிக்விடில் புகை இல்லை, ஆனால் பூச்சிக்கொல்லி காற்றில் கலந்துகொண்டேதான் இருக்கும். பறவை இருக்கிற அறையில் அதையும் வைக்காதீர்கள். கரப்பானுக்கு அடிக்கிற ஸ்ப்ரே இன்னும் மோசம். நாங்கள் ஜன்னலுக்கு நைலான் வலை அடித்தோம், சாயங்காலம் ஐந்தரைக்கே மூடிவிடுகிறோம். கூண்டின்மேல் பழைய கொசுவலையை வெட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். பறவைகளுக்கு வரும் அம்மையையும் கொசு பரப்பும் என்பதால் இதில் இரட்டை லாபம். வலை கூண்டுக் கம்பியில் ஒட்டாமல் நாலு விரல் தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் கடித்துப் பிய்த்துவிடும்.

சாம்பிராணி விஷயத்தில் எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் மனத்தாங்கலே வந்தது. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுச் சாம்பிராணி போடாமல் மாமியாருக்கு முடியாது, அதை நிறுத்தச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் மரக்கரித் தணல் கார்பன் மோனாக்சைடு விடும், அதன்மேல் பிசின் புகை வேறு. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். புகை போடுவதற்கு முன்பே கூண்டைப் பின்பக்க பால்கனிக்குக் கொண்டு போய்க் கதவைச் சாத்திவிடுவோம். பூஜை முடிந்து, ஜன்னல்களைத் திறந்து, ஃபேனைப் போட்டு, வாடை முழுசாகப் போய் இன்னும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பக் கொண்டு வருவோம். இப்போதெல்லாம் அத்தையே, "கூண்ட எடுத்துட்டியா? நான் தணல் போடப் போறேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் தூபக்காலைத் தொடுகிறார். ஊதுபத்திக்கும் கற்பூரத்துக்கும் வாசனை மெழுகுவத்திக்கும் இதே ஏற்பாடுதான்.

கூண்டின்மேல் துணி போட்டு மூடினால் புகை போகாது என்று சிலர் சொல்வார்கள். போகும். வாயுவைத் துணி தடுக்காது. ஏர் பியூரிஃபையரும் துகளைத்தான் நன்றாகப் பிடிக்கும், எல்லா வாயுவையும் பிடிக்காது. ஓசோன் விடுகிற வகையாக இருந்தால் அதுவே பறவைக்குக் கெடுதல்.

காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், செலவில்லாத வேலை. செய்தித்தாளிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக ஒரு கீற்று கிழித்துச் சமையலறை நிலைப்படியில் ஒட்டுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, ஹால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கீற்று சமையலறைப் பக்கம் சாய்ந்தால் சரி, பறவைப் பக்கத்துக் காற்று அடுப்பு வழியாக வெளியே போகிறது. ஹால் பக்கம் சாய்ந்தால் அடுப்பில் இருப்பதெல்லாம் கூண்டுக்குத்தான் வரும். எங்கள் வீட்டில் சீலிங் ஃபேன் வேகமாக ஓடினால் கீற்று ஹால் பக்கம் திரும்பிவிடுகிறது, ஆகவே சமைக்கும் நேரத்தில் அதை நிறுத்திவிடுவோம். இருந்தாலும், ஹாலைவிட வேறு அறை இருந்தால் கூண்டை அங்கே மாற்றிவிடுவதே நல்லது.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடாதீர்கள். குளோரின் வாயு வரும், அது மனிதரையும் மயக்கிப் போடும். அலமாரியில் போடும் பாச்சை உருண்டை, ரூம் ஸ்ப்ரே, வீட்டுக்குள் சிகரெட், நெயில் பாலிஷ் எல்லாமே கூண்டுக்கு ஆகாதவை. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போதும் தீபாவளி, போகி அன்றும் புகை குறைந்த வேறு வீட்டில் விட்டுவிட முடிந்தால் விடுங்கள்.

மூச்சு வாங்குவது, வால் ஆடுவது, உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்காருவது, குரல் மாறுவது, இதில் எது தெரிந்தாலும் முதலில் கூண்டோடு வெளிக்காற்றுக்குக் கொண்டு போங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். கதகதப்பாக, சத்தமில்லாத பெட்டியில் வைத்து உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள். ஆக்சிஜன் கொடுக்கும் வசதி உள்ள இடமாக இருக்க வேண்டும். சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வெளியூர் என்றால், பறவைக்குப் பார்ப்பீர்களா, ஆக்சிஜன் இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்று இன்றைக்கே போன் செய்து கேட்டு, எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். நாய்க்கும் மாட்டுக்கும் மட்டும் பார்க்கிறவர்கள் நிறைய பேர். எங்கள் வீட்டில் அந்த எண்ணுக்குக் கீழேயே, நாலு பக்கமும் துளை போட்டு உள்ளே துண்டு விரித்த ஒரு ஷூ பெட்டி தயாராக இருக்கிறது.