தமிழில் 96, கணக்கில் 51

கேள்வி: பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், அரையாண்டுத் தேர்வில் தமிழில் 96 மதிப்பெண்ணும் கணக்கில் 51 மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறாள். மேல்நிலையில் அறிவியல் பிரிவுதான் எடுக்க வேண்டும் என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி உங்கள் ஊரிலேயே நடந்திருக்கிறது. 1904ஆம் ஆண்டு கல்வி உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த சீனிவாச இராமானுஜன், கணிதத்திலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கவனியாமல் விட்டதால் அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. (அக்காலத்தில் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுப் படிப்பு) தேர்வில் அவரால் தேற முடியவில்லை. அவரை மந்தமான மாணவர் என்று நாம் சொல்வோமா? உங்கள் மகளையும் அப்படிச் சொல்ல யாரையும் விடாதீர்கள்.

ஆனாலும், 51 என்ற எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். விடைத்தாளை வாங்கி, மதிப்பெண் எங்கே போயிற்று என்று அவளோடு உட்கார்ந்து பாருங்கள். கூம்பின் வளைபரப்பு காணும் கணக்கில் சாயுயரத்துக்குப் பதிலாகச் செங்குத்து உயரத்தைப் போட்டுப் பெருக்கியிருந்தால், அது கவனக்குறைவோ அடிப்படைத் தெளிவின்மையோதான். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும். மாறாக, கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போதே அவள் முகம் வாடுகிறது என்றால், வரலாறும் பொருளியலும் உள்ள கலைப்பிரிவைத் தயங்காமல் தேர்ந்தெடுங்கள். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு, இதழியல், ஆட்சிப்பணித் தேர்வுகள் எல்லாம் அந்த வழியிலும் திறந்தே இருக்கின்றன. உறவினர்களிடம் கேட்பதற்கு முன் அவளிடம் கேளுங்கள்.