ரத்தத்தில் கால்சியம் சரி, எலும்பு சரியா?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. இரண்டு மாதத்துக்கு முன் அடுப்படி ஈரத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு பிரித்தாயிற்று, எலும்பு கூடிவிட்டது. முழங்கால் வலிக்கு ஏற்கெனவே 'எலும்புத் தேய்மானம்' என்று கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது. இனி பயம் இல்லைதானே?

பதில்: கட்டைப் பிரித்த பிறகும் கேட்கத் தோன்றியதே, நல்லது. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே இந்த வயதில் எலும்பு முறிந்தால், ஈரத் தரையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆஸ்டியோபோரோசிஸ் என்கிற எலும்புப்புரை இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

'தேய்மானம்' என்ற சொல்தான் குழப்புகிறது. முழங்காலில் தேய்வது மூட்டின் குருத்தெலும்பு, அது வலிக்கும். எலும்புப்புரையில் எலும்பே உள்ளுக்குள் சல்லடையாகிறது. முறியும் வரை வலி தெரியாது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும், எலும்பைக் கரைக்கும் வேலை கட்டும் வேலையை முந்திவிடுகிறது.

ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் தடுமாறும். அதனால் எலும்பிலிருந்து எடுத்தாவது ரத்தத்தில் அளவைக் காப்பாற்றிவிடும் உடம்பு. ரிப்போர்ட் சரியாக இருப்பதை வைத்து எலும்பு உறுதி என்று சொல்ல முடியாது.

இடுப்பு எலும்பு முறிந்து வரும் பாட்டிகளின் மணிக்கட்டை நான் திருப்பிப் பார்ப்பேன். சிலருக்கு லேசாகக் கோணி, விரலுக்கு ஒரு மேடு தட்டும். "அது எப்பவோ விழுந்தது டாக்டர், அப்பவே சரியாயிடுச்சு" என்பார்கள். அன்றே எலும்பைச் சோதித்திருந்தால் என்று மனசு அடித்துக்கொள்ளும். உங்கள் அம்மா இப்போது அந்த முதல் முறிவில்தான் நிற்கிறார்.

இடுப்புக்கும் முதுகெலும்புக்கும், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள். வலிக்காது, சில நிமிடங்களில் முடியும். அதில் டி-ஸ்கோர், அதாவது இளவயது எலும்போடு ஒப்பிட்டுத் தரும் மதிப்பெண், -2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. முகாம்களில் குதிகாலை வைத்துப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. கூடவே வைட்டமின் டி, தைராய்டு, சிறுநீரகச் சோதனைகள்.

நோய் உறுதியானால் கால்சியம் மட்டும் போதாது. பெரும்பாலும் அலெண்ட்ரோனேட் போன்ற வாரம் ஒரு மாத்திரையில் தொடங்குவோம். அதைச் சாப்பிடும் முறைதான் முக்கியம்: எழுந்ததும், காபிக்கு முன், ஒரு தம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, எதுவும் சாப்பிடவும் கூடாது. படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். காபியோடு சாப்பிட்டால் மருந்து உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரையை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளட்டும். நெஞ்செரிச்சலோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், ஊசி மருந்துகளும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசியை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முதுகெலும்புகள் முறியும் அபாயம் உண்டு.

ஒன்று கேட்டுப் பாருங்கள். முன்பு எட்டிய மேல் தட்டு டப்பா அம்மாவுக்கு இப்போது எட்டுகிறதா? உயரம் குறைந்திருந்தால் முதுகெலும்பு சத்தமில்லாமல் நசுங்கியிருக்கலாம், அதற்கு ஒரு எக்ஸ்ரேயும் தேவைப்படும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டாரா, கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்தார்களா, இதையெல்லாம் குறித்துக்கொண்டு இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.